ஹாஸ்டலில் ரவுட்டர் வேட்டை: நான்கு வருட அனுபவம்

தாம்பரம் தாண்டி இருக்கும் ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில், பையன்கள் ஹாஸ்டலின் நெட்வொர்க்கைப் பார்ப்பது என் வேலை. பசங்க சொந்த ரவுட்டர் கொண்டுவந்து மாட்டுவதைப் பிடிப்பதற்கென்றே நான்கு வருடம் முன்பு ஒரு வைஃபை கன்ட்ரோலர் (ஹாஸ்டலின் வைஃபை பெட்டிகளை எல்லாம் ஒரே இடத்திலிருந்து மேய்க்கும் கருவி) வாங்கினோம். கம்பெனி பெயர் வேண்டாம். இந்த வசதி எல்லார் பெட்டியிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். டெமோவில் மாடி வரைபடத்தில் வெளி ரவுட்டர் இருக்கும் இடத்தில் சிவப்புப் புள்ளி மினுக்கியது. மயங்கி ஆர்டர் போட்டோம்.

மாட்டிய மறுநாள் அது பிடித்த வைஃபைகளின் பட்டியலைத் திறந்தால் பக்கம் பக்கமாகப் போகிறது. எதிர் வீட்டு மாடி, முக்குக் கடை பேக்கரி, வார்டன் அறை பிரின்டர், மெஸ் மாஸ்டரின் போன். காற்றில் காதில் விழும் எல்லாப் பெயரையும் அது திருடன் என்றே எழுதிவிடுகிறது. நமக்கு வேண்டியதோ நம் அறைச் சுவரில் இருக்கும் லேன் பாயின்ட்டில் மாட்டிய பெட்டி மட்டும். அதைப் பிரித்தறிய, காற்றில் தெரியும் மேக் முகவரியை (நெட்வொர்க் கருவியின் அடையாளக் குறியீடு), அறைக் கேபிள்கள் வந்து சேரும் ஸ்விட்ச்சில் தெரியும் முகவரியோடு கன்ட்ரோலர் ஒப்பிட்டுப் பார்க்கும். வீட்டு ரவுட்டர்களில் இரண்டும் பெரும்பாலும் கடைசி எழுத்தில்தான் மாறும் என்பதால் சிக்கிவிடும். ஆனால் பையன் தன் லேப்டாப் முகவரியை ரவுட்டருக்கு அப்படியே நகல் எடுத்து, அதாவது குளோன் செய்துவிட்டால் சிக்காது. செகண்ட் இயர் பசங்களுக்கு அது இரண்டு நிமிட வேலை.

உண்மையில் எங்களைப் படுத்தியது வேறு. ஒரு சனிக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு போன்: "சார், ரெண்டாவது மாடி முழுக்க நெட் வரல." போய் ஒரு லேப்டாப்பைப் பார்த்தேன். எங்கள் ஐ.பி. முகவரி (நெட்வொர்க் ஒவ்வொரு கருவிக்கும் தரும் எண்) 10-இல் தொடங்கும், அதில் 192.168.0 என்று இருந்தது. அப்போதே புரிந்துவிட்டது. எவனோ சுவர் கேபிளை ரவுட்டரின் இன்டர்நெட் போர்ட்டில் செருகாமல் லேன் போர்ட்டில் செருகிவிட்டான். அந்தக் குட்டிப் பெட்டி மாடிக்கே ஐ.பி. முகவரி விநியோகம் பண்ண ஆரம்பித்துவிட்டது. வெளியே போகும் வாசல், அதாவது கேட்வே, நான்தான் என்று சொல்லிக்கொள்கிறது, இன்டர்நெட்டோ அதனிடம் இல்லை.

லேப்டாப்பில் எந்த ஐ.பி.க்கு எந்த மேக் என்று காட்டும் ஏ.ஆர்.பி. பட்டியலைப் பார்த்து அந்த கேட்வேயின் மேக் முகவரியை எடுத்தேன். மாடி ஸ்விட்ச்சில் தேடினால் போர்ட் 17. பேட்ச் பேனல் சீட்டில் அது எந்த அறை என்று பார்த்துக் கதவைத் தட்டினேன். உள்ளே ரவுட்டரைக் காணோம். கேபிள் மட்டும் கட்டிலுக்கு அடியில் ஓடி, பீரோவுக்குப் பின்னால் ஏறி, லாஃப்ட்டில் சூட்கேஸுக்கும் போர்வைக்கும் நடுவில் போய் முடிந்தது. பச்சை லைட் தெரியாமல் இருக்க அதன்மேல் பிளாஸ்திரி வேறு. அன்று மத்தியானம்தான் லோக்கல் ட்ரெயின் பிடித்து எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய் வாங்கி வந்திருக்கிறான். "சார், பாத்ரூம் பக்கத்து ரூம் சார், சிக்னலே வராது" என்றான். அன்றைக்கு அது எனக்கு சாக்காகத்தான் பட்டது.

இந்தத் தொல்லையை ஒழித்தது லட்சங்கள் கொடுத்து வாங்கிய கன்ட்ரோலர் அல்ல. ஏற்கெனவே ஸ்விட்ச்சில் சும்மா கிடந்த டி.ஹெச்.சி.பி. ஸ்னூப்பிங் என்ற வசதி. அறைப் போர்ட் எதிலிருந்தும் ஐ.பி. விநியோகம் வந்தால் ஸ்விட்ச்சே முழுங்கிவிடும். கூடவே லூப் கண்டறிதலையும் போட்டேன், ஒரே கேபிளின் இரண்டு முனையையும் சுவரில் செருகும் புண்ணியவான்களுக்காக. இந்த இரண்டுக்கும் பிறகு மாடி மொத்தமும் படுத்ததே இல்லை. ஒரு போர்ட்டுக்கு ஒரு மேக்தான் என்று கட்டுப்பாடு வைப்பது மட்டும் பெரிதாக உதவவில்லை. ரவுட்டர் தனக்குப் பின்னால் பத்து போனை வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாகத்தான் முகம் காட்டும். டேட்டா பாக்கெட்டின் டி.டி.எல். (ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும் எண்) 64 வர வேண்டிய இடத்தில் 63 வந்தால் நடுவில் ரவுட்டர் என்று கண்டுபிடிக்கலாம். அதையும் மாற்றிவிடுகிற பையன் வருடத்துக்கு ஒருவன் வருவான். அவனிடம் எனக்கு மனசுக்குள் கொஞ்சம் மரியாதைதான்.

கன்ட்ரோலரில் 'கன்டெயின்' என்று ஒரு பட்டன் உண்டு. அந்த வைஃபையில் இருப்பவர்களுக்கு, துண்டித்துக்கொள் என்று பொய்ச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு தடவை அழுத்தினேன். மறுநாள் எதிர் வீட்டுப் பெரியவர் கேட்டுக்கு வந்து, "தம்பி, உங்க ஆளுங்க ஏதாவது பண்றாங்களா? டிவில படமே ஓடல" என்றார். நான் அழுத்தியது அவர் வீட்டுப் பெயரை. இதே வேலையைச் செய்ததற்காக 2014-இல் அமெரிக்காவில் மேரியட் ஹோட்டல் 6 லட்சம் டாலர் கட்டியது என்று பிறகு படித்துவிட்டு, அந்தப் பட்டன் பக்கமே போகவில்லை. டபிள்யூ.பி.ஏ.3 என்ற பாதுகாப்பு முறை வைத்திருக்கும் வைஃபையில் அந்தப் பொய்ச் செய்தி எடுபடவும் செய்யாது.

பறிமுதலும் செய்து பார்த்தோம். அலமாரி நிறைந்தது, பெற்றோர் போனும் நிறைந்தது. பெட்டிகளில் ஒட்டிய அறை எண்களை ஒருநாள் எழுதிப் பார்த்தபோதுதான் உறைத்தது: பெரும்பாலும் வராந்தாவின் கடைசி அறைகள், பாத்ரூமை ஒட்டியவை. அந்தப் பையன் சொன்னது சாக்கு இல்லை. ஏ.பி.க்களை, அதாவது வைஃபை வீசும் எங்கள் பெட்டிகளை, வராந்தாவில் வரிசையாக மாட்டியிருந்தோம். கான்க்ரீட் சுவர், டைல்ஸ், தண்ணீர்க் குழாய், இரும்பு பீரோ எல்லாம் தாண்டி வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை உள்ளே போகாது. 2.4 போகும், ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றுதான். அந்த மூன்றில் பசங்களின் ரவுட்டர்களும் வந்து உட்கார்ந்தால் எங்கள் வைஃபை இன்னும் மோசமாகும். அதைப் பார்த்து அடுத்தவன் ரிச்சி தெருவுக்குக் கிளம்புவான்.

போன வருடம் ஏ பிளாக்கில் ஏ.பி.க்களை அறைக்குள்ளேயே, இரண்டு அறைக்கு ஒன்றாக மாற்றினோம். 2.4-ஐப் பாதி ஏ.பி.க்களில் அணைத்து வைத்தேன். அந்த பிளாக்கில் ரவுட்டர் தானாகக் குறைந்துவிட்டது. இரண்டு பேர் தாங்களாகவே கொண்டுவந்து கொடுத்தார்கள். 5ஜி வந்த பிறகு போன் ஹாட்ஸ்பாட் தொல்லை புதிதாகச் சேர்ந்திருக்கிறது. கம்பியே இல்லாத அதை ஸ்விட்ச்சில் பிடிக்க வழியில்லை. ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸில் வையுங்கடா என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறேன், பாதிப் பேர் கேட்கிறார்கள்.

கன்ட்ரோலரின் சிவப்புப் புள்ளிகளை இப்போது வாரத்துக்கு ஒரு முறை பார்க்கிறேன், ஆளைப் பிடிக்க அல்ல, எந்த அறையில் சிக்னல் இல்லை என்று தெரிந்துகொள்ள. பி பிளாக் மூன்றாவது மாடிக் கோடியில் மட்டும் இன்னும் நான்கு புள்ளி இருக்கிறது. கேபிள் இழுக்க ஆள் வருகிற வரை அந்த நான்கு ரவுட்டரும் என் கண்ணுக்குத் தெரியாது.