சிம்கோ ஏரியில் படகு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: குளிர்காலப் பராமரிப்பு என்ற பெயரில் என்னிடம் 3,635 டொலர் போனது

3,635 டொலர். இவ்வளவும் போய்விட்டது. படகை விட்டிருந்த மரினாவுக்கு (தனியார் படகுத்துறைக்கு) இன்று காலையும் தொலைபேசி எடுத்தேன். "மேலாளர் வேலையாக இருக்கிறார், அவரே உங்களை அழைப்பார்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். இந்த மாதம் முழுக்க இதே பதில்தான். ரொறன்ரோ, மார்க்கம் பக்கத்திலிருந்து சிம்கோ ஏரிக்கு மீன் பிடிக்கப் போகிற நம்மவர்கள் இப்போது நிறையப் பேர். சொந்தப் படகு வாங்குகிறவர்களும் கூடிவிட்டார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். என்ன செய்ய வேண்டும் என்பதையும் முடிவில் சொல்கிறேன்.

என்னுடையது 14 அடி அலுமினியப் படகு, பின்புறம் வெளியே மாட்டுகிற 20 குதிரைவலு வெளியிணைப்பு எஞ்சின். பேர்ச் மீனும் பாஸ் மீனும் பிடிக்க அது போதும். எங்கள் வீட்டு வளாகத்தில் ட்ரெய்லர் நிறுத்த அனுமதி இல்லை. ஆகவே ஏரியின் தெற்குக் கரையில், 404 நெடுஞ்சாலை முடிகிற பக்கமாக உள்ள ஒரு சிறிய மரினாவில் விட்டிருந்தேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. வழக்குக்குப் போகிற நேரத்தில் அது எனக்கே தொல்லை. அந்தக் கரையில் இப்படிப் பல இடங்கள் இருக்கின்றன. மே முதல் ஒக்ரோபர் வரை தண்ணீரில் கட்டிவைக்க ஒரு கட்டணம். பிறகு கரையேற்றி, எஞ்சினைக் குளிருக்குத் தயார்செய்து, வெள்ளை பிளாஸ்ரிக் உறை போட்டு வசந்தம் வரை வைத்திருக்க வேறு கட்டணம். அந்த இரண்டாவது கட்டணம்தான் 745 டொலர், வரியுடன்.

ஒக்ரோபரில் சாவியைக் கொடுத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. மேலாளர் வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர். எஞ்சின் மூடியில் கை வைத்து, "இதை நான் வேறு யாரிடமும் கொடுக்க மாட்டேன், நானே செய்கிறேன். வசந்தத்தில் வந்து சாவியைத் திருப்புங்கள், அவ்வளவுதான் உங்கள் வேலை" என்றார். என் மகனிடம் என்ன மீன் பிடித்தாய் என்று கேட்டார். அவன் கைபேசியில் காட்டிய படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். வேலைத்தாளில் கியர்ப்பெட்டி ஒயில் மாற்றுதல், சிலிண்டருக்குள் எண்ணெய் தெளித்தல், பெற்றோல் கெடாமல் மருந்து கலத்தல் என்று மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒயில் வடிக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்கலாமா என்று கேட்டேன். "பட்டறைக்குள் வாடிக்கையாளர் வரக் காப்புறுதிக்காரர் விடமாட்டார்கள். கவலைப்படாதீர்கள், முப்பது வருடமாக இதைத்தான் செய்கிறேன்" என்றார். அப்படிப் பேசுகிற ஒரு மனிதரை யார்தான் நம்பாமல் இருப்பார்கள்?

அந்த ஒயில் விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. கியர்ப்பெட்டி எஞ்சினின் அடியில், புரொப்பெல்லரோடு தண்ணீருக்குள் இருப்பது. மீன்பிடிப் படகுகளில் அறுந்த தங்கூசி (தூண்டில் நூல்) புரொப்பெல்லர் தண்டில் சுற்றிக்கொள்ளும். வெளியே தெரியாது. சுழலச் சுழல அது உள்ளே இருக்கிற ரப்பர் சீலை அறுத்துவிடும். அந்த வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கியர்ப்பெட்டிக்குள் போகும். ஒயிலும் தண்ணீரும் கலந்தால் பால் விட்ட தேநீர் போல வெளிறிவிடும். இலையுதிர் காலத்தில் ஒயிலை வடிக்கிறவன் அந்த நிறத்தைப் பார்த்ததும் சீல் போய்விட்டது என்று தெரிந்துகொள்வான். சீல் பெரிய விலை இல்லை, மாற்றிவிட்டால் பிரச்சினை முடிந்தது. வடிக்காமல் விட்டால் தண்ணீர் அடியில் தங்கும். இங்கே ஜனவரியில் ஏரியே உறைந்து அதன்மேல் கூடாரம் போட்டு மீன் பிடிக்கிறார்கள். கியர்ப்பெட்டிக்குள் இருக்கிற தண்ணீர் மட்டும் உறையாமல் இருக்குமா? தண்ணீர் பனிக்கட்டியானால் ஏறத்தாழ 9 சதவீதம் பருமன் கூடும். அலுமினிய வார்ப்பு அதைத் தாங்காது, வெடிக்கும்.

எனக்கு நடந்தது அதுதான். மே மாதம் படகைத் தண்ணீரில் இறக்கித் தந்தார்கள். எஞ்சின் முதல் தடவையிலேயே பிடித்தது. கியரைப் போட்டேன். பின்னால் பார்த்தால் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் பல நிறத்தில் விரிகிறது. எஞ்சினைத் தூக்கிப் பார்த்தேன். கீழ்ப்பெட்டியின், அதாவது கியர்ப்பெட்டி இருக்கிற அடிப்பகுதியின், பக்கவாட்டில் என் சுண்டுவிரல் நீளத்துக்கு வெடிப்பு.

மேலாளர் வந்து குனிந்துகூடப் பார்க்கவில்லை. "கல்லில் அடித்திருப்பீர்கள்" என்றார். தண்ணீரில் இறக்கிக் கால் மணி நேரம்கூட ஆகாத படகு! புரொப்பெல்லரில் ஒரு கீறல் இல்லை, அதற்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கிற அடித் துடுப்பில் ஒரு நெளிவு இல்லை. அதைச் சொன்னதும், போன வருடம் அடித்திருக்கும் என்றார். அப்படியென்றால் ஒக்ரோபரில் ஒயில் மாற்றும்போது நீங்கள் கண்டிருக்க வேண்டுமே என்றேன். அந்த வேலையைச் செய்த மெக்கானிக் இப்போது இங்கே இல்லை என்றார். "நானே செய்கிறேன்" என்று சொன்ன அதே வாய்! அடுத்த தடவை போனபோது வரவேற்பு மேசையில் இருந்த பெண் ஒப்பந்தத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியை விரலால் காட்டினார்: படகு உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில் வைக்கப்படுகிறது. பிறகு விக்டோரியா தின விடுமுறை வந்தது; அந்த வாரம் யாருமே பேசத் தயாராக இல்லை. மின்னஞ்சல் போட்டேன். புதிய கீழ்ப்பெட்டி நாங்களே போட்டுத் தருகிறோம் என்று ஒரு விலைப்பட்டியல் பதிலாக வந்தது. உடைத்தவர்களுக்கே திரும்பவும் காசு! வெளி மெக்கானிக் யாரையும் அவர்கள் வளவுக்குள் விடமாட்டார்களாம். அதற்கும் காப்புறுதிதான் காரணமாம்.

படகை ட்ரெய்லரில் ஏற்றி ஸ்காபரோவில் ஒரு தமிழ் அண்ணரிடம் கொண்டுபோனேன். ஊரில் கடலோரம் வெளியிணைப்பு எஞ்சின் பார்த்தே வளர்ந்தவர். அவர் வெடிப்பைப் பார்க்கவில்லை, முதலில் ஒயில் வடிக்கிற திருகாணியைத்தான் பார்த்தார். "தம்பி, இங்கே வாரும்" என்று டோர்ச் அடித்துக் காட்டினார். 1990களில் அந்த ஏரிக்குள் பரவிய, எதிலும் ஒட்டிக்கொள்ளுகிற சின்ன வரிக்குதிரைச் சிப்பி (zebra mussel), காய்ந்து, திருகாணியின் பிளவுக்குள்ளேயே ஒட்டியிருந்தது. கோடையில் ஒட்டியது. ஒக்ரோபரில் யாராவது அந்தத் திருகாணியைத் தொட்டிருந்தால் அது அங்கே இருக்க முடியாது. படம் எடுத்து வைத்திருக்கிறேன். மரினாவின் பற்றுச்சீட்டிலோ "கியர் ஒயில், ஒரு லீற்றர்" என்று காசு போட்டிருக்கிறார்கள். என் எஞ்சினின் கியர்ப்பெட்டிக்கு அரை லீற்றர்கூடத் தேவையில்லை. திறந்தபோது புரொப்பெல்லருக்குப் பின்னால் தங்கூசியும் இருந்தது, சீலும் அறுந்திருந்தது.

கணக்கைச் சொல்கிறேன். செய்யாத குளிர்கால வேலைக்கும் வைப்பிடத்துக்கும் 745. புதிய கீழ்ப்பெட்டியும் கூலியும் 2,390. இந்தப் பருவத்துக்கு முற்பணமாகக் கட்டிய 500ஐயும் திருப்பித் தரமாட்டோம் என்கிறார்கள். மொத்தம் 3,635 டொலர். இரவு வேலை செய்து சேர்த்த காசு. சீல் மாற்றுவதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயத்துக்கு 3,635 டொலர்!

அந்தப் பொடி எழுத்து வரியைக் காட்டி உங்களையும் விரட்டப் பார்ப்பார்கள், விட்டுவிடாதீர்கள். ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, காசு வாங்கிச் செய்கிற சேவை ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். அந்த உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி நீக்க முடியாது. சிறு உரிமைக்கோரல் நீதிமன்றத்துக்கு நான் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.

மற்றவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, இப்போது கை ஓடவில்லை. ஒயிலை வடிக்கும்போது பார்க்க விடமாட்டோம் என்றால், வடித்த ஒயிலைப் போத்தலில் வைத்துத் தரச் சொல்லுங்கள். தரமாட்டார்கள் என்றால் அங்கே விடாதீர்கள். கொடுப்பதற்கு முன் ஒயில் வடிக்கிற திருகாணியில் ஒரு புள்ளி பெயின்ற் வைத்துப் படம் எடுங்கள்; திறந்தார்களா என்று பிறகு தெரியும். வெளி மெக்கானிக்கை விடுவார்களா என்று முற்பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். செலவு மதிப்பீடு ஒப்பந்தத்தில் எழுத்தில் இருந்தால் அதற்குமேல் 10 சதவீதத்துக்கு அதிகமாக அவர்கள் கேட்க முடியாது, அதுவும் சட்டம்தான். கோபத்தில் வாடகையைக் கட்டாமல் விடாதீர்கள். பாக்கி இருந்தால் படகையே பிடித்துவைக்க அவர்களுக்குச் சட்டத்தில் இடம் உண்டு. நான் கட்டிவிட்டுத்தான் படகை எடுத்தேன்.

இன்னொன்று, பற்றரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். என்னுடையதும் செத்துப்போய்த்தான் இருந்தது, வேறு பழைய பற்றரி ஒன்றை மாட்டித்தான் அன்று எஞ்சினை இயக்கிக் காட்டியிருக்கிறார்கள். அதை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.