மட்டக்களப்பு வாவியில் படகோட்ட முகாம் போடப் போகிறவர்களே, பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

சித்திரை விடுமுறைக்குப் பிள்ளைகளை மட்டக்களப்புக்குக் கூட்டிப்போய்ப் படகோட்டப் பயிற்சி கொடுக்க நினைக்கும் கல்லூரிகள், பழைய மாணவர்கள், பெற்றோர் எல்லாருக்கும் இதை எழுதுகிறேன். போட், தங்குமிடம், சாப்பாடு, பாதுகாப்பு வள்ளம் எல்லாம் சேர்த்துத் தலைக்கு இவ்வளவு என்று ஒருவர் உங்களுக்கு அழைப்பு எடுத்தால் தயவுசெய்து முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். நாங்கள் கொடுத்தோம். இரண்டாம் நாள் காலையில் ஒரு பிள்ளையைத் தண்ணீரில் பறிகொடுக்கப் பார்த்தோம்.

நான் மட்டக்களப்புக் கல்லடியில் பிறந்தவன். வேலை கொழும்பில். படிக்கிற காலத்தில் நான்கு வருடம் துடுப்புப் போட்டேன், இப்போது எங்கள் கல்லூரி அணிக்குக் கூடமாட நிற்கிறேன். பிள்ளைகள் வழக்கமாகப் பயிற்சி எடுப்பது கொழும்பின் பேரை வாவியில். அங்கே ஒரு நல்ல வேகம் பிடித்து வரும்போதே திரும்ப வேண்டியிருக்கும். போட்டித் தூரம் 2000 மீட்டர், அதை நேராக, நிற்காமல் ஒரே மூச்சில் இழுத்துப் பழக நீளமான தண்ணீர் வேண்டும். அமெரிக்காவின் வட பகுதியில் ஆறு உறைந்து கிடப்பதால் அங்கத்தைய கல்லூரி அணிகள் மார்ச் விடுமுறையில் புளோரிடாப் பக்கம் போய் ஒரு வாரம் பயிற்சி எடுப்பார்கள். எங்கள் பயிற்றுநருக்கு அதுபோல ஒன்று செய்து பார்க்க நெடுநாள் ஆசை. நமக்கு உறைகிற ஆறு இல்லை, ஆனால் நல்ல பருவம் இருக்கிறது. மாரி முடிந்து, கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, எழும்ப முந்திய பங்குனி சித்திரையில் எங்கள் வாவி விடியற்காலையில் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடக்கும். 50 கிலோமீட்டருக்கு மேல் நீளம். வேறெங்கே போவது என்று நான்தான் சொன்னேன். என் ஊரை அந்தப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இருந்தது.

எங்கள் போட்டுகளைக் கொழும்பிலிருந்து ஏற்றிக்கொண்டு போவது பெரிய செலவு. 300 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும், துடுப்பைத் தாங்கும் பக்கச் சட்டங்களான ரிகர் எல்லாம் கழற்றிக் கட்ட வேண்டும், வழியில் ஒரு குலுக்கலில் வெடித்தால் அந்த வருடம் அதோடு சரி. அந்த நேரத்தில்தான் இந்த ஆள் வந்தார். தெரிந்தவர் ஒருவர் மூலம் இலக்கம் கிடைத்தது. "நான் மட்டக்களப்புத்தான் தம்பி, போட்டெல்லாம் என்னட்ட இருக்கு, நீங்க பிள்ளைகளை மட்டும் கொண்டாங்க" என்றார். கொக்ஸோடு (சுக்கான் பிடித்து வழிகாட்டுபவர்) நால்வர் போட் ஒன்று, ஆளுக்கு இரண்டு துடுப்புப் போடும் ஸ்கல் போட்டில் இருவர் ஸ்கல் இரண்டு, தனி ஸ்கல் ஒன்று, எஞ்சின் பூட்டிய பாதுகாப்பு வள்ளம், வாவிக்கரையில் வீடு, மூன்று வேளைச் சாப்பாடு. ஏழு நாளைக்குத் தலைக்கு 24,000 ரூபாய். நாங்கள் 14 பேர், மொத்தம் 336,000. பாதியை முற்பணமாக வங்கியில் போட்டோம்.

படங்கள் அனுப்பினார். மிதவைத் துறை, அதன்மேல் வரிசையாகப் போட்டுகள், பின்னால் தண்ணீர், தண்ணீருக்கு அப்பால் மலை. இதை எழுதும்போதுகூட எனக்கு நெஞ்சு எரிகிறது. கல்லடிப் பாலத்தில் நின்று சுற்றிப் பார்த்தால் தென்னையும் கண்டலும் தவிர மலை எங்கே தெரியும்? அந்த வாவிக்கரையில் வளர்ந்த எனக்கு அது உறைக்கவில்லை. நம்ம ஊர் ஆள், நம்ம பேச்சு என்ற ஒன்றே போதுமாயிருந்தது.

போய் இறங்கியது இரவு. சொன்ன வீடு வாவிக்கரையில் இல்லை, ஆரையம்பதி தாண்டி உள்ளே, போட் கிடக்கும் இடத்திலிருந்து எட்டு ஒன்பது கிலோமீட்டர். வேன் ஏற்பாடு இல்லை. "நாளைக்குப் பார்ப்பம்" என்றவர், மிச்சப் பணம் 168,000ஐயும், போட்டுகளுக்குத் திருப்பித் தரும் பிணைப் பணம் என்று 75,000ஐயும் அந்த வாசலிலேயே கேட்டார். தந்தால்தான் திறப்புத் தருவேன் என்றார். பயணக் களைப்பில் பிள்ளைகள் பைகளின்மேல் சாய்ந்து கிடக்கிறார்கள். எண்ணிக் கொடுத்தோம். பற்றுச்சீட்டுக் கேட்டதற்கு ஒரு கொப்பித் தாளில் தொகையை எழுதிக் கையெழுத்து வைத்தார். கொம்பனிப் பெயரும் இல்லை, பதிவு இலக்கமும் இல்லை.

காலையில் ஓட்டோ பிடித்துப் போய்ப் போட்டுகளைப் பார்த்தோம். நால்வர் போட்டின் அடிப்பகுதியில் சாம்பல் நிற டேப் ஒட்டி, அதன்மேல் வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தது. டேப்பின் ஒரு மூலை நகத்தால் தூக்கினால் வரும்போல நின்றது. போட்டின் அணியத்து, அதாவது முன்பக்கத்து, நுனியில் வெள்ளை இறப்பர் பந்து ஒன்று இருக்க வேண்டும், நான்கு சென்ரிமீட்டர் விட்டமாவது இருக்க வேண்டும் என்பது விதி. துடுப்புப் போடுகிறவர் பின்பக்கமாகப் போகிறவர், முன்னால் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அந்த நுனி ஓர் ஆளின் முதுகில் போய் ஏறாமல் இருக்கத்தான் அந்தப் பந்து. நான்கு போட்டில் ஒன்றில் மட்டும் இருந்தது. பயிற்றுநர் கேட்டதற்கு, "அது ரேசுக்குத்தானே சேர்" என்று பதில்.

அணியில் ஒரு தங்கச்சி, கொக்ஸ், சின்ன உருவம், எதையும் விடமாட்டாள். அவள் நான்கு போட்டையும் சுற்றிச் சுற்றிப் போனில் வீடியோ எடுத்தாள். போட்டுகள் இருந்த நிலைக்கு அந்த வீடியோதான் இன்றைக்கு எங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி.

முதல் நாள் எஞ்சின் வள்ளம் வந்தது. இரண்டாம் நாள் வரவில்லை. பெட்ரோல் இல்லையாம், அரை மணித்தியாலத்தில் வருமாம். துடுப்போட்டத்தில் பிள்ளைகள் மிதவை அங்கி போடுவதில்லை, போட்டால் கை ஓடாது. அந்த அங்கிகள் எல்லாம் கூடவரும் வள்ளத்தில்தான் இருக்கும். வள்ளம் இல்லை என்றால் ஒன்றுமே இல்லை என்று அர்த்தம். ஆனால் கிழக்கு வெளுத்துக்கொண்டு வருகிறது, சித்திரை வெயிலில் எட்டு மணிக்குப் பிறகு தண்ணீரில் இருக்க முடியாது, சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும் நாட்கள் அவை. கரையோரமாக மட்டும் போய் வாருங்கள் என்று விட்டோம். அது எங்கள் பிழை.

இருவர் ஸ்கல் ஒன்று திரும்பும்போது ஒரு பையனின் துடுப்பு அதைப் பிடித்துவைக்கும் கவையை விட்டு வெளியே வந்துவிட்டது. கவையின் வாயை மூடும் கேட்டை இறுக்குகிற திருகு தேய்ந்து போயிருந்திருக்கிறது. துடுப்பு இல்லாமல் அந்தப் போட் ஒரு விநாடிகூட நிற்காது. கவிழ்ந்தது. ஒருவன் மேலே வந்தான். மற்றவன் வரவில்லை.

காரணத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், பெற்றோருக்கு இது தெரிந்திருக்காது. போட்டுக்குள்ளே காலை வைக்கும் பலகையில் ஒரு சோடிச் சப்பாத்து நிரந்தரமாகப் பூட்டியிருக்கும். அதற்குள் காலைவிட்டு இறுக்கிக்கொண்டுதான் துடுப்பு இழுப்பது. போட் கவிழ்ந்தால் கையைப் பயன்படுத்தாமலே கால் வெளியே வர வேண்டும். அதற்காகச் சப்பாத்தின் குதியைப் பலகையோடு சிறு கயிற்றால் கட்டியிருப்பார்கள். காலை இழுக்கும்போது கயிறு குதியைப் பிடித்துக்கொள்ளும், பாதம் மட்டும் வழுகி வெளியே வரும். அந்தக் கயிறு இல்லை என்றால் சப்பாத்து முழுவதுமாகப் பாதத்தோடு மேலே எழும்பும், கழலாது. அந்தப் போட்டில் இடதுகாலுக்குக் கயிறு இல்லை. சப்பாத்தின் வெல்க்ரோ பழுதாகிப் போனதால் யாரோ நைலோன் நாடாவால் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். தண்ணீருக்கு அடியில், தலைகீழாக, ஈரமான முடிச்சு.

பக்கத்தில் தோணியில் வலை இழுத்துக்கொண்டிருந்த ஓர் ஐயா கண்டார். அறுபது வயதுக்கு மேலிருக்கும். வலையை அப்படியே விட்டுவிட்டுத் தோணியைத் திருப்பினார், போய்ச் சேருமுன்னே குதித்தார். கரையில் நின்ற எங்களுக்குக் கேட்டது அவருடைய குரல்தான்: "மனே, காலை உதறாத, நான் வெட்டுறன், காலை உதறாத மனே!" மீன் வெட்டும் கத்தியால் நாடாவை அறுத்தார். பையன் மேலே வந்து தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமினான். கணுக்காலைச் சுற்றி நாடா பதிந்த சிவப்புக் கோடு இரண்டு நாள் போகவில்லை. 1990 அம்புலன்ஸ் வந்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோனது. நுரையீரலில் ஒன்றும் இல்லை என்று டொக்டர் சொன்ன பிறகுதான் நான் அவனுடைய அம்மாவுக்கு அழைப்பு எடுத்தேன். அந்த அழைப்பு என் வாழ்நாளில் மறக்காது.

அந்த ஆள் பின்னேரம் வந்தார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "போட்டுக்கு ஒண்டும் ஆகல்லயே?"

அப்புறம் நாங்கள் அவருடைய சாப்பாட்டையும் விட்டோம். வேளைக்கு வராது, வந்தாலும் பத்துப் பேருக்குத்தான் வரும். என் அம்மா கேள்விப்பட்டு, "பிள்ளையள் பசியோட தண்ணிக்குப் போறதா, இஞ்ச கூட்டி வா" என்று சொல்லி மூன்றாம் நாளிலிருந்து எங்கள் வீட்டிலேயே பிட்டும் மீன் குழம்பும், இரவில் சட்டித் தயிரும் போட்டார். தோணி ஐயாவுக்குப் பணம் கொடுக்கப் போனோம், வாங்கவில்லை. அந்த வாரம் பௌர்ணமி. அவரே பிள்ளைகளைக் கல்லடிப் பாலத்துக்குக் கீழே கூட்டிப்போய், துடுப்பைத் தண்ணீரில் ஊன்றி மறுமுனையில் காதை வைக்கச் சொன்னார். பாடும் மீன் கேட்கும் முறை அதுதான். தந்தியைத் தட்டிவிட்டதுபோல மெல்லிய ஒரு சத்தம். கவிழ்ந்த பையன்தான் கடைசிவரை காதை எடுக்கவில்லை. அந்த வாரத்தில் என் ஊரை நான் தலைநிமிர்ந்து பார்த்தது அந்த ஒரு மணித்தியாலம்தான்.

கடைசி நாள் பிணைப் பணத்தைக் கேட்டோம். நால்வர் போட்டின் அடியைக் காட்டி, "இது நீங்க உடைச்சது" என்றார். சாம்பல் டேப்பைக் கழற்றிவிட்டிருந்தார், அதன் கீழே இரண்டு அடி நீளத்துக்கு வெடிப்பு. தங்கச்சி முதல் நாள் வீடியோவைக் காட்டினாள். அதில் டேப்பும் இருக்கிறது, பெயின்ட்டும் இருக்கிறது, எடுத்த நேரமும் இருக்கிறது. கொஞ்சம் சத்தம் போட்டார், பிறகு 20,000ஐ நீட்டினார். மிச்சம் 55,000 இன்னும் வரவில்லை. இப்போது எங்கள் இலக்கங்களை எல்லாம் தடுத்து வைத்திருக்கிறார்.

பொலிசில் முறைப்பாடு எழுதியிருக்கிறோம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் எழுத்தில் கொடுத்திருக்கிறோம். அவர்களுடைய இலக்கம் 1977. இப்படி உங்களுக்கும் நடந்திருந்தால் தள்ளிப்போடாமல் உடனே கொடுங்கள். கொப்பித் தாளாக இருந்தாலும் பற்றுச்சீட்டை வைத்திருங்கள், வங்கியில் போட்ட சீட்டுத்தான் எங்களுக்கு அதிகம் உதவியது.

இனி இப்படி ஒரு முகாமுக்குப் போகிறவர்கள், போட்டைத் தண்ணீரில் இறக்குமுன் ஒவ்வொரு சப்பாத்தின் குதியையும் கையால் தூக்கிப் பாருங்கள். கயிறு பிடிக்காமல் குதி முழுவதுமாக எழும்பினால் அந்தப் போட்டில் பிள்ளையை ஏற்றாதீர்கள். கேட் திருகைத் திருகிப் பாருங்கள். எஞ்சின் வள்ளம் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும்வரை யாரையும் விடாதீர்கள், பெட்ரோல் தாங்கியையும் திறந்து பாருங்கள். மிச்சப் பணத்தைப் போட்டையும் வீட்டையும் பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகு கொடுங்கள், இரவில் வாசலில் வைத்துக் கேட்டால் அன்றிரவு வேறு எங்காவது தங்கிக்கொள்ளலாம். வாவியில் எங்கெங்கே வலைக்கம்பு நிற்கிறது, எங்கே முதலை கிடக்கிறது என்பதை அந்தக் கரையில் தொழில் செய்கிறவர்களிடம் போய்க் கேளுங்கள். அவர்கள் சொல்லித் தருவார்கள், காசும் கேட்கமாட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை தோணி ஐயா கொடுத்த வலைக்கயிற்றில் அந்தப் பையன் எல்லாச் சப்பாத்துக்கும் தானே குதிக்கயிறு கட்டினான், அதற்குப் பிறகுதான் போட்டுகள் தண்ணீருக்குப் போயின. எஞ்சின் வள்ளம் ஒன்றை எங்கள் காசில் வேறு இடத்தில் வாடகைக்கு எடுத்திருந்தோம்.

அந்த ஆளின் பெயரை முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் இங்கே போடவில்லை. ஆனால் உங்களுக்கு வந்த படத்தில் மிதவைத் துறைக்குப் பின்னால் மலை தெரிந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். தங்கச்சி எடுத்த வீடியோவைத் தருகிறேன், அதில் இருக்கும் போட்டுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்களுக்கு முன்னால் இவரிடம் ஏமாந்தவர்கள் யாராவது இருந்தாலும் எழுதுங்கள், முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கலாம்.