அரசியல் காட்சிக் காப்பகங்களோடு ஏழு ஆண்டுகள்

அரசியல் ஆவணப்படம் ஒன்றுக்காகப் பழைய செய்திக் காட்சிகளைத் தேடத் தொடங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. இதற்குள் இரண்டு படங்கள் முடிந்துவிட்டன. மூன்றாவது எடிட்டிங்கில் இருக்கிறது. செய்தி நிறுவனங்களின் வணிகக் காப்பகங்கள், அரசுக் காப்பகங்கள், சிறிய தனியார் சேகரிப்புகள் ஆகிய மூன்றையும் தொடர்ந்து பயன்படுத்தியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். முதல் நாளிலேயே யாராவது சொல்லியிருக்க வேண்டும் என்று நான் நினைப்பது ஒன்றுதான்: காட்சியைக் கண்டுபிடிப்பதைவிட, அதை எங்கே, எத்தனை காலம் காட்டலாம் என்று எழுத்தில் வாங்குவதற்கே அதிக உழைப்பு தேவைப்படும்.

தேடுவது முன்பைவிட எளிதாகிவிட்டது. பழைய செய்திப்பட நிறுவனமான பிரிட்டிஷ் பாத்தே 2014இல் சுமார் 85,000 செய்திப்படங்களை யூடியூபில் ஏற்றியது. மறு ஆண்டே ஏபி செய்தி நிறுவனமும் பிரிட்டிஷ் மூவிடோன் என்ற செய்திப்படக் காப்பகமும் சேர்ந்து ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட காட்சிகளை ஏற்றின. அவை பார்ப்பதற்குத் திறந்திருக்கின்றன என்பதால் படத்தில் சேர்க்கவும் அனுமதி இருக்கிறது என்று கொள்ளக் கூடாது. தேடும்போது இன்றைய சொற்களைவிட, அட்டவணையை எழுதியவர் காலத்துச் சொற்களே பலன் தருகின்றன. 1972க்கு முந்தைய இலங்கைக் காட்சிகள் 'சிலோன்' என்றே பதிவாகியிருக்கும். நாம் போராட்டம் என்று நினைப்பதை அன்றைய குறிப்பு கலவரம் என்று எழுதியிருக்கும். தலைவர்களின் பெயர்களையோ நான்கைந்து எழுத்துக்கூட்டல்களில் தேட வேண்டும். ஒளிப்பதிவாளர் படச்சுருளோடு அனுப்பிய குறிப்புத்தாள் கிடைத்தால் கட்டாயம் வாங்கிப் படியுங்கள். 'தலைவர் கூட்டத்தில் பேசுகிறார்' என்று ஒரே வரியில் அட்டவணையில் இருந்த ஒரு சுருளின் குறிப்புத்தாளில், பேச்சுக்கு முன் மேடைக்குப் பின்புறம் எடுத்த ஷாட் ஒன்று பதிவாகியிருந்தது. அதில் அந்தத் தலைவர் தனியாக நின்று, கையிலிருந்த தாளில் ஒரு வரியை அடித்துவிட்டு மேலே எதையோ எழுதுகிறார். ஒன்பது வினாடிதான். எங்கள் முதல் படத்தின் மையமே அதுதான்.

உரிமைகள் அடுக்கடுக்காக இருப்பவை. சுருளை வைத்திருப்பவர் ஒருவர், படம்பிடித்ததன் உரிமையாளர் வேறொருவர், அதில் ஒலிக்கும் பேச்சுக்கோ இசைக்கோ உரியவர் இன்னொருவர் என்று இருக்கலாம். மார்ட்டின் லூதர் கிங் 1963 ஆகஸ்ட் 28 அன்று ஆற்றிய உரையை லட்சக்கணக்கானோர் நேரிலும் தொலைக்காட்சியிலும் கேட்டார்கள். ஆயினும், அப்படிப் பொதுவில் பேசியதாலேயே பதிப்புரிமை போய்விடவில்லை என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 1999இல் கூறியது. காட்சிக்கு உரிமம் கையில் இருந்தாலும் பேச்சுக்குத் தனியாக அனுமதி கேட்க வேண்டியிருப்பது இதனால்தான். அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் ஊழியர்கள் பணியின் பகுதியாக எடுத்த படங்களுக்கு அந்நாட்டில் பதிப்புரிமை இல்லை. ஆனால் அங்குள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருப்பவை எல்லாம் அரசு எடுத்தவை அல்ல. ஒவ்வொரு சுருளுக்கும் அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தாக வேண்டும். வாங்கிய ஒப்பந்தத்தில் 'காப்பகத்துக்கு உள்ள உரிமைகள் மட்டும்' என்ற வரி இருந்தால், மீதிப் பொறுப்பு முழுவதும் தயாரிப்பாளர் தலையில்தான் விழும். உரிமை வழக்கு வந்தால் இழப்பை ஏற்கும் 'பிழை மற்றும் விடுபடல்' காப்பீடு தரும் நிறுவனம் கேட்கப்போவதும் இந்த மீதியைப் பற்றித்தான்.

கட்டணம் பெரும்பாலும் வினாடிக் கணக்கு. அதற்கும் குறைந்தபட்ச அளவு உண்டு. முப்பது வினாடி குறைந்தபட்சம் என்றால், அது மொத்த ஆர்டருக்கா, ஒவ்வொரு துணுக்குக்குமா என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. மூன்று சுருள்களிலிருந்து நான்கு வினாடி வீதம் எடுத்த பன்னிரண்டு வினாடிக்குத் தொண்ணூறு வினாடிக் கட்டணம் வந்தது.

காலவரையறைதான் எல்லாவற்றிலும் பெரிய விஷயம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்டத்தைப் பதிவு செய்த 'ஐஸ் ஆன் த பிரைஸ்' என்ற தொலைக்காட்சி ஆவணத் தொடர் 1987இல் ஒளிபரப்பானது. அதன் காப்பகக் காட்சிகளுக்கும் இசைக்கும் வாங்கிய உரிமங்கள் காலாவதியானதால், அந்தத் தொடரைப் பல ஆண்டுகள் ஒளிபரப்பவே முடியவில்லை. நன்கொடை திரட்டி உரிமங்களைப் புதுப்பித்த பிறகே 2006இல் அது மீண்டும் திரைக்கு வந்தது. ஒரு சமூகத்தின் நினைவு இப்படி ஒப்பந்தத் தேதியில் முடங்கிப்போவதை நினைத்தால் எனக்கு இன்றும் பதறுகிறது. பணம் குறைவாக இருந்தால் துணுக்குகளைக் குறைத்து, எல்லா ஊடகங்களுக்கும் எல்லா நாடுகளுக்கும் நிரந்தர உரிமம் வாங்குவதே என் வழி. அதுவும் இயலாவிட்டால், திரைப்பட விழாக்களில் திரையிட மட்டும் இப்போது வாங்கி, பின்னாளில் விரிவாக்குவதற்கான கட்டணத்தை அதே ஒப்பந்தத்தில் எழுதிவிடச் சொல்லுங்கள். படம் பேசப்பட்ட பிறகு விலை கேட்டால் அது வேறு விலையாகத்தான் இருக்கும்.

இன்னொரு இடர் டைம்கோடில், அதாவது ஒவ்வொரு ஃபிரேமையும் அடையாளம் காட்டும் நேர எண்ணில், வந்தது. முன்னோட்டப் பிரதியை வைத்து எடிட்டிங்கை முடித்து, படத்தில் சேர்ப்பதற்கான உயர்தரப் பிரதியான மாஸ்டரைக் கேட்டோம். இடையில் அந்தக் காப்பகம் சுருளை மறுபடி டிஜிட்டலாக்கியிருந்தது. பழைய டைம்கோடு எதுவும் பொருந்தாததால், நாற்பத்தொரு ஷாட்டுகளையும் கண்ணால் பார்த்துப் பார்த்துப் பொருத்த நேர்ந்தது. இப்போதெல்லாம் ஒவ்வொரு ஷாட்டின் முதல் ஃபிரேமையும் கடைசி ஃபிரேமையும் படமாக எடுத்து, சுருள் எண், உரிமத்தின் முடிவுத் தேதி ஆகியவற்றோடு ஒரே தாளில் குறித்துக்கொள்கிறோம்.

அந்தத் தாளின்படி, முதல் படத்தில் இரண்டு துணுக்குகளின் உரிமம் அடுத்த ஆண்டு முடிகிறது. மேடைக்குப் பின்புறத்து ஒன்பது வினாடியும் அதில் ஒன்று. புதுப்பிப்பதற்கான கடிதத்தைப் போன வாரமே அனுப்பிவிட்டேன்.