விண்டோஸ், மின்ட், மேக்: கீழக்கரைக் கடையில் மூன்றும் ஓடும் அனுபவம்

கீழக்கரையில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட் போட்டோ, கேட்டால் மீன் ஏலக்கடைக்கு பில் புத்தகம் என்று எல்லாமே செய்வோம். கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்களான விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றும் வருடக்கணக்கில் இங்கே பக்கத்துப் பக்கத்து மேசையில் ஓடுகின்றன. மூன்றையும் தினமும் தொடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இணையத்தில் எது உசத்தி என்று நடக்கும் சண்டையில் பேசுகிற விஷயங்களில் பாதிக்கு மேல் என் கடைக்குச் சம்பந்தமே இல்லாதவை. இந்த மேசையில் எது நிற்கும், எது நிற்காது என்று முடிவு செய்கிற விஷயங்களை அங்கே யாரும் பேசுவதே இல்லை.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இருக்கும் வாட்ஸப் குழுவில் துபாயில் வேலை பார்க்கும் என் மச்சான் மேக் கட்சி, ராமநாதபுரத்தில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருவர் விண்டோஸ் கட்சி, பொறியியல் படிக்கும் தம்பி ஒருவன் லினக்ஸ் கட்சி. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய தவறான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்று, விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்களே, அன்றைக்குத் தம்பி ஆடிய ஆட்டம் கொஞ்சமில்லை. “இப்பவாவது திருந்துங்க காக்கா” என்று போட்டான். காக்கா சும்மா இருப்பாரா, அதே வருடம் மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற லினக்ஸ் மென்பொருளுக்குள் வெளியாள் திருட்டுத்தனமாக நுழைய யாரோ கள்ளக்கதவு வைத்த கதையை எடுத்துப் போட்டார். மச்சான் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு சிரிப்புப் பொம்மை அனுப்பிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். இரண்டு பேரும் சொல்லாமல் விட்டதுதான் எனக்குச் சுவாரசியம். அந்தக் கள்ளக்கதவைக் கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் மைக்ரோசாஃப்டில் வேலை பார்ப்பவர். லாகின் ஆக அரை வினாடி கூடுதலாகப் பிடிக்கிறதே என்று நோண்டப் போய்த்தான் விஷயம் வெளியே வந்தது. அதே கிரவுட்ஸ்ட்ரைக்கின் மென்பொருள், ஜூலைக்குச் சில மாதங்கள் முன்னால் டெபியன் என்ற லினக்ஸ் வகை ஓடும் சர்வர்களையும் படுக்க வைத்திருக்கிறது.

இது நேற்று ஆரம்பித்த சண்டையும் இல்லை. 1992 ஜனவரியில், மினிக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தை எழுதிய பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம், லினக்ஸ் காலாவதியானது என்றே தலைப்புப் போட்டு எழுதினார். லினக்ஸை உருவாக்கிய, அப்போது ஹெல்சின்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் சூடாகவே பதில் கொடுத்தார். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் முழுவதும் ஒரே கட்டாக இருக்கலாமா, சிறு சிறு பகுதிகளாகப் பிரிக்க வேண்டுமா என்பது தகராறு. இன்றைக்கு லினக்ஸ் ஆண்ட்ராய்டுக்குள் புகுந்து எல்லார் சட்டைப்பையிலும் இருக்கிறது, மினிக்ஸ் தோற்றுப் போனது என்று நினைத்தால் அதுவும் இல்லை, இன்டெல் சில்லுகளுக்குள் தனியாக இயங்கும் மேலாண்மைப் பகுதியில் ஓடுவது மினிக்ஸ்தான் என்று 2017இல் தெரிய வந்தது. 2001இல் லினக்ஸைப் புற்றுநோய் என்றார் மைக்ரோசாஃப்டின் ஸ்டீவ் பால்மர். இப்போது விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் கெர்னலை ஓட்ட அதே மைக்ரோசாஃப்ட் வழி செய்து தருகிறது. லினக்ஸில் பிரிண்ட் எடுக்க உதவும் கப்ஸ் மென்பொருளை 2007இல் வாங்கியது ஆப்பிள். பெரிய வீட்டுக்காரர்கள் பெண் கொடுத்துப் பெண் எடுத்துச் சம்பந்தியாகிவிட்டார்கள், பந்தலுக்கு வெளியே நிற்கிற நாம்தான் இன்னும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, கடைக்கு வருவோம்.

முதல் மேசையில் இருப்பது நான்காம் தலைமுறை இன்டெல் ஐ3, எஸ்எஸ்டி மாற்றியது, விண்டோஸ் 10. கடையின் வருமானத்தில் பெரும்பங்கு இதிலிருந்துதான் வருகிறது. அதற்குக் காரணம் ஃபான்ட். தமிழ்நாட்டு டிடிபி வளர்ந்தது பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் காலத்தில். அப்போது ஃபான்ட் செய்தவர்கள் ஆளாளுக்கு ஆங்கில எழுத்து இருக்கும் இடங்களில் தங்கள் இஷ்டப்படி தமிழ் எழுத்தை உட்கார வைத்தார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் எழுத்துகளை எந்தெந்த இடத்தில் வைப்பது என்பதற்கான டாம், டாப் குறியீடுகளும் தமிழ் 99 விசைப்பலகையும் முடிவாயின, 2010இல் தமிழ்நாடு அரசு உலகப் பொதுக் குறியீடான யூனிகோடையும் டேஸ் 16 என்ற தமிழ்க் குறியீட்டையும் ஏற்றுக்கொண்டது, எல்லாம் உண்மைதான். ஆனால் பழைய பத்திரிகை ஃபைல்களுக்கு அரசாணை தெரியாது. பாமினி என்ற பழைய ஃபான்டில் அடித்த ஃபைலை அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்து பாருங்கள், மெய்யெழுத்தின் புள்ளியெல்லாம் அரைப்புள்ளியாகி, மிச்சம் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். “எங்க ராத்தா கல்யாணத்துக்கு அடிச்ச மாதிரியே வேணும், அதே பார்டர், அதே எழுத்து” என்று ஒரு குடும்பம் வந்து உட்காரும்போது, திறந்த தரம், சுதந்திர மென்பொருள் என்று அவர்களிடம் பாடம் நடத்த முடியாது. அரபியில் வரும் பிஸ்மில்லாவைப் படமாக ஒட்டிக்கொள்ளலாம், தமிழை அப்படிச் செய்ய முடியுமா, கடைசி நிமிடத்தில் மாமா பேருக்கு முன்னால் ஹாஜி சேர்க்கச் சொல்வார்கள்.

இதற்கு மேல் இன்னொரு பூட்டும் உண்டு. நான் பயன்படுத்தும் தமிழ் ஃபான்ட் தொகுப்பு யூஎஸ்பியில் செருகும் ஒரு டாங்கிள், அதாவது சாவி மாதிரியான சின்னக் கருவி, இருந்தால்தான் திறக்கும். டாங்கிளைக் கணினியோடு பேச வைக்கும் டிரைவர் மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும். விற்ற நிறுவனத்துக்கு போன் அடித்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. ஆகவே முதல் மேசையில் விண்டோஸ் இருக்கிறது. இதை மைக்ரோசாஃப்டின் வெற்றி என்று காக்கா குழுவில் போடும்போது எனக்குச் சிரிப்பு வரும், அது ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டின் வெற்றி.

இரண்டாவது மேசை மின்ட் என்ற லினக்ஸ் வகை, பழைய கணினிக்கும் பாரமில்லாத எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. நாலு ஜிபி ரேம் உள்ள பழைய பெட்டி, விண்டோஸில் ஒரு டேப் திறப்பதற்குள் டீ ஆறிவிடும், மின்ட் போட்டபின் விண்ணப்ப வேலை முழுக்க அதில்தான். தேர்வு விண்ணப்பம், பாஸ்போர்ட், உதவித்தொகை என்று பிரவுசருக்குள் முடிகிற எதற்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. தமிழ் 99 ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாக வந்துவிடுகிறது, லிப்ரே ஆபிஸில் கடிதம் அடிக்கலாம். எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது பென்டிரைவ் வேலை. நாள் முழுக்க ஊர்ப் பென்டிரைவ் எல்லாம் நம்மிடம் வரும், பாதியில், உண்மையான ஃபைலை ஒளித்துவிட்டுப் போலி ஷார்ட்கட்டைக் காட்டும் ஷார்ட்கட் வைரஸ் இருக்கும். கடை விதி என்னவென்றால் எந்தப் பென்டிரைவும் முதலில் மின்டில்தான் செருகப்பட வேண்டும். அங்கே அந்த வைரஸ் வெறும் ஃபைலாகக் கிடக்கும், அழித்துவிட்டு, உள்ளே ஒளிந்திருக்கும் உண்மையான ஃபைலை எடுத்துக் கொடுத்தால் வந்தவர் நம்மைப் பெரிய மேதை என்று நினைத்துக்கொண்டு போவார். நானும் திருத்துவதில்லை.

சறுக்கல் எங்கே என்றால், சுற்றுவட்டார ஜெராக்ஸ் கடைகளில் எங்கு பார்த்தாலும் இருக்கும் அந்தச் சின்ன லேசர் பிரிண்டர். டோனர் மலிவு, ரீஃபில் செய்ய ஆள் உண்டு, விழுந்தாலும் உடையாது. லினக்ஸில் மட்டும் அதன் டிரைவர் பாடாய்ப்படுத்தும். தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து கறுப்புத் திரையில் கட்டளை அடித்து ஓட வைத்தான், அடுத்த அப்டேட்டில் போயே போய்விட்டது. கைரேகைக் கருவியும் அப்படியே, நான் வாங்கியதற்கு விண்டோஸ், ஆண்ட்ராய்டு இரண்டுக்குத்தான் மென்பொருள் கொடுத்தார்கள். இப்போது மின்டில் பிடிஎஃப் செய்து விண்டோஸ் மேசைக்கு அனுப்பி பிரிண்ட் எடுக்கிறோம். அசிங்கமான வழிதான், ஆனால் வேலை நிற்கவில்லை.

லினக்ஸ் கட்சிக்காரர்கள் ஒன்றை யோசித்துப் பார்க்க வேண்டும். 2011இல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது விண்டோஸ் 7 கூடவே பாஸ் லினக்ஸும் இருந்தது, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் செய்தது, டெபியனை வைத்துக் கட்டியது. நம் பக்கத்துப் பையன்கள் வீடு தேடி வந்த லினக்ஸ் அது. என் கடைக்கு வந்தவர்களில் பலர் முதல் வேலையாகக் கேட்டது, “அண்ணே, இதுல இன்னொண்ணு வருது, அதைத் தூக்கிட்டு இடத்தைச் சேர்த்துக் குடுங்க” என்பதுதான். பாஸ் மோசம் என்று சொல்ல மாட்டேன். அது மக்கர் பண்ணினால் கேட்க ஏர்வாடியிலோ பெரியபட்டினத்திலோ ஒருவரும் இல்லை, அவ்வளவே. பள்ளிக்கூடத்துப் பாடமும் விண்டோஸில், பக்கத்து வீட்டு அண்ணனுக்குத் தெரிந்ததும் விண்டோஸ். தமிழில் லினக்ஸ் சொல்லித்தர 2012 முதல் கணியம் இதழ் இருக்கிறது, அதைப் படித்துத்தான் நானே பாதி கற்றேன். என்றாலும் படித்துக் கற்கிறவன் ஒருவன், தோளில் தட்டிக் கேட்டுக் கற்கிறவன் ஒன்பது பேர்.

மூன்றாவது மேக்புக் ஏர் லேப்டாப், ஆப்பிளின் எம்1 சில்லு உள்ளது, மச்சான் புதிது வாங்கியபோது எனக்குக் கொடுத்தது. இதில் கடை வேலை கொஞ்சம்தான், டிசைன், போட்டோ, என் சொந்த எழுத்து. தமிழுக்கு மூன்றிலும் இதுதான் அழகு. மேக்கில் வரும் இணைமதி, தமிழ் சங்கம் ஃபான்ட்கள் மலேசியாவின் முத்து நெடுமாறன் வடிவமைத்தவை. அஞ்சல், தமிழ் 99 இரண்டு விசைப்பலகையும் உள்ளேயே இருக்கின்றன. விண்டோஸிலும் தமிழ் 99 பிற்பாடு உள்ளேயே வந்துவிட்டது, ஆனால் எழுத்தின் கண்ணுக்கினிமை இதில் வேறு. குறை என்ன என்றால் ரேமும் எஸ்எஸ்டியும் கழற்ற முடியாதவை. காக்கா ஒருமுறை இதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல நான் செய்றதுக்கு என்னடா இருக்கு, மதுரைக்குக் கொண்டு போ” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆனால் மேக்கைப் பற்றி மச்சானே சொல்லாத ஒரு பெருமை இருக்கிறது, அது கடற்கரைக்காரனுக்குத்தான் தெரியும். எம்1 ஏரில் ஃபேன் கிடையாது. எங்கள் பக்கம் தென்கடல், சோழகக் காற்று அடிக்கும் மாதங்களில் கடைக் கண்ணாடியில் விரலால் கோடு போட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். தேவிபட்டினம், தொண்டி பக்கம் வடகடல், அவர்களுக்கு வாடைக்காற்றில் அந்தக் கூத்து. ஃபேன் உள்ள எந்தப் பெட்டியும் அந்தக் காற்றை உறிஞ்சி நேராக போர்டின் மேல் ஊதுகிறது. உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரமும் கரண்டும் சேர்ந்தால் செம்பு பச்சை பூக்கும், ரேம் ஸ்லாட்டில் முதலில் தெரியும். கணினி ஆன் ஆகாமல் பீப் பீப் என்று கத்தினால் இங்கே யாரும் சிஸ்டத்தைச் சந்தேகப்பட மாட்டார்கள், ரேமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகுவார்கள், பெரும்பாலும் ஓடிவிடும். பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் போவதற்கு மட்டும் கணக்கே கிடையாது. கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் டிஸ்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறையான ஃபைல் சிஸ்டங்களில் எது தாங்கும் என்று தம்பியும் காக்காவும் விடிய விடிய பேசியிருக்கிறார்கள்; விண்டோஸின் என்டிஎஃப்எஸ், லினக்ஸின் எக்ஸ்ட் 4, மேக்கின் ஏபிஎஃப்எஸ் மூன்றுமே திடீரென்று கரண்ட் போனால் சமாளிக்க ஏற்பாடு வைத்திருக்கின்றன. நான் பார்த்தவரை ஃபைல் சிஸ்டம் சாவதற்கு முன்னால் யூபிஎஸ் பேட்டரி செத்துவிடுகிறது. உங்கள் வீடு கடலுக்கு நெருக்கம் என்றால் பணத்தை முதலில் நல்ல யூபிஎஸ்ஸில் போடுங்கள், பெட்டியை ஜன்னலுக்கு எதிரில் வைக்காதீர்கள், இரவில் துணி போர்த்தும் முன் அணைத்துச் சூடு ஆறவிடுங்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும் இது பொது.

இப்போது குழுவில் ஓடும் புதுச் சண்டை விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14 அன்று அதற்கான வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு மேல் வேண்டும், என் முதல் மேசைப் பெட்டி அந்த வரிசையிலேயே இல்லை. காக்கா, “ரூஃபஸ்ல தாண்டி ஏத்திடலாம்டா” என்கிறார், ரூஃபஸ் என்ற கருவியால் அந்தத் தடையைத் தாண்டி ஏற்றலாம்தான், ஆனால் அப்படி ஏற்றியவற்றுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. தம்பி, “மின்ட் 22க்கு 2029 வரைக்கும் அப்டேட் உண்டு, மாத்துங்க” என்கிறான். மச்சான் வழக்கம்போல மேக் மினி விலையை அனுப்புகிறார், திர்ஹத்தில்.

நான் செய்திருப்பது இதுதான். வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும் பாதுகாப்பு நீட்டிப்பில் முதல் மேசையைச் சேர்த்துவிட்டேன், செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஒத்திசைத்தால் காசு கேட்பதில்லை. தேதி முடிந்ததும் அதன் நெட் கேபிளைப் பிடுங்கிவிடுவேன். அப்புறம் அது பத்திரிகை அடிக்கிற பெட்டி மட்டும். ஃபைல் போவதும் வருவதும் மின்ட் வழியாகப் பென்டிரைவில். அடுத்து வாங்கும் பிரிண்டர் டிரைவர் இல்லாமல் நெட்வொர்க்கில் ஓடும் ரகமாக இருக்கும், அப்போது கைரேகை தவிர மற்றதெல்லாம் இரண்டாவது மேசைக்குப் போய்விடும். புதுப் பத்திரிகைகளை இப்போதே யூனிகோடில் அடிக்க ஆரம்பித்துவிட்டேன், பார்ட்டிகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. மிச்சம் இருப்பது அந்த டாங்கிள். அதன் முனையும் லேசாகப் பச்சை பூத்துவிட்டது. சிவகாசியில் பழைய டாங்கிள் வைத்திருப்பவர்கள் யாராவது விற்பார்களா என்று காக்கா விசாரித்துக்கொண்டிருக்கிறார்.