மூவர் நாடகத்துக்கு ஒரு மாடிக்கூடம்: தருமபுரியில் 20 நாள் ஒத்திகை

எங்கள் கல்லூரித் தமிழ் மன்றத்துக்காக, மூன்று மாணவர்கள் மட்டுமே நடிக்கும் 40 நிமிட நாடகம் ஒன்றை இவ்வாண்டு உருவாக்கினோம். கல்லூரி அரங்கம் தேர்வுப் பணிக்குப் போய்விட்டதால், தருமபுரி பென்னாகரம் சாலையில் பரதநாட்டிய வகுப்பு நடக்கும் ஒரு மாடிக்கூடத்தை, நாளொன்றுக்கு 2 மணி நேரம் என்ற கணக்கில், 20 நாள்களுக்கு வாடகைக்கு எடுத்தோம். வாடகை மணிக்கு 150 ரூபாய்; முன்பணம் 2,000 ரூபாய். சிறு நாடகம் போட நினைக்கும் மாணவர்கள் ஒத்திகைக்கு இடம் கிடைக்காமல் அலைவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருவதால், அந்த இடம் எங்களுக்கு எவ்வாறு பயன்பட்டது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நாடகத்தின் கரு புறநானூற்றின் 95ஆம் பாட்டு. தகடூர், அதாவது இன்றைய தருமபுரி, அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவனுக்காக ஔவையார் தொண்டைமான் என்ற மன்னனிடம் தூது போகிறார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். அதைப் பார்த்த ஔவை, "உன் படைக்கருவிகள் மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவலுள்ள மாளிகையில் அழகாக இருக்கின்றன. எங்கள் தலைவனுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன" என்கிறார். கேட்கும்போது புகழ்ச்சியாக ஒலிக்கும் அந்தச் சொற்கள், நீ போரையே கண்டதில்லை என்ற குத்தலாகத் திரும்பும் நொடிதான் எங்கள் நாடகம் முழுவதும். ஔவை, தொண்டைமான் ஆகிய இருவரோடு, தெருக்கூத்து வேரூன்றிய மண் இது என்பதால், கூத்தில் பாத்திரங்களை அறிமுகப்படுத்தி வேடிக்கையும் செய்யும் கட்டியங்காரனை மூன்றாம் பாத்திரமாக வைத்தோம்.

கூடம் 30 அடி நீளமும் 20 அடி அகலமும் கொண்டது. தாழ்வான கூரை, வெறும் சிமெண்டுச் சுவர்கள், டைல்ஸ் தரை, ஒரு பக்கச் சுவர் முழுவதும் கண்ணாடி. முதல் நாள் கைதட்டிப் பார்த்தபோதே ஒலி அடங்க மறுத்தது. ஔவையின் வாக்கியத்து இறுதிச் சொல் தொண்டைமானின் மறுமொழியோடு கலந்து ஒலித்தது. புகழுரை வசையாகத் திரும்புவது அவ்விரண்டுக்கும் நடுவே விழும் மௌனத்தில்தான். அந்த மௌனத்தையே எதிரொலி விழுங்கிவிட்டது. தெளிவாகக் கேட்கவில்லை என்று மாணவி குரலை உயர்த்த, உயர்த்திய அளவுக்கு இரைச்சலும் கூடியது. மூன்றாம் நாள் நான்கு பவானி ஜமுக்காளங்களையும் வீட்டிலிருந்த கம்பளிகளையும் கொண்டுபோய், சன்னல் கம்பிகளிலும் உத்தரத்தில் ஏற்கெனவே கட்டியிருந்த கயிற்றிலும் தொங்கவிட்ட பிறகே வசனங்கள் பிரிந்து கேட்கத் தொடங்கின. வழவழப்பான கடினப் பரப்பு ஒலியைத் திருப்பி அனுப்புகிறது, துணி உறிஞ்சிக்கொள்கிறது. நாடகத்தன்று நிறைந்திருக்கும் பார்வையாளர்களின் உடலும் உடையும் செய்யப்போகும் வேலையும் அதுவே என்பதால், வெற்றுக்கூடத்தில் குரலுக்குப் பழகும் அளவு மேடையில் பொய்த்துப் போகும். இங்கே ஒத்திகைக்குப் போகிறவர்கள் சுவரோரம் தொங்கவிடத் துணி இல்லாமல் தொடங்கவேண்டாம்.

கண்ணாடியையும் ஜமுக்காளத்தால் மூடினோம். அரைமண்டியையும் கைக்கோட்டையும் சரிபார்த்துக்கொள்ள நடனம் பயில்வோருக்கு அது தேவை. நாடகத்தில் நடிப்பவருக்கு எதிரே நிற்பவரின் முகமே கண்ணாடி. தொண்டைமானாக நடித்த மாணவர் வாளை எடுத்துக் காட்டும்போதெல்லாம் அவருடைய கண் சுவரை நோக்கியே போய்க்கொண்டிருந்தது. மூடிய அன்று மாலைதான் அவர் முதன்முறையாக ஔவையைப் பார்த்துப் பேசினார். அதன் பின் அந்தக் காட்சியில் நான் திருத்த வேண்டியது அதிகம் இருக்கவில்லை.

தரையைப் பற்றி நல்லதும் சொல்லவேண்டும், குறையும் சொல்லவேண்டும். கல்லூரி மேடையின் அளவான 24 அடிக்கு 16 அடியை ஒட்டுநாடாவால் குறித்துக்கொள்ள அனுமதி கேட்டபோது, கூடத்தின் உரிமையாளர் அம்மா, "ஒட்டிக்குங்க சார், கிளாஸ் புள்ளைங்க கால்ல பசை ஒட்டாம மட்டும் பாத்துக்குங்க" என்றார். 20 நாளும் அந்தக் கோடுகளைக் கலைக்காமல் விட்டுவைத்தார். தினமும் அளந்து குறிக்கும் வேலை மிச்சமானதோடு, மாணவர்களின் காலும் மேடையின் எல்லையை மனப்பாடம் செய்துகொண்டது. ஆனால், மண்தரையில் ஆடுவதற்கென அமைந்த கூத்தின் சுழற்சியையும் குதிப்பையும், அடியில் சிமெண்டு இருக்கும் டைல்ஸ் மீது செய்ததில், கட்டியங்காரன் மாணவருக்கு ஒரு வாரத்தில் முழங்கால் வலி வந்துவிட்டது. பாதி வேகத்தில் பழகி, முழு வேகத்தைக் கல்லூரித் திடலில் பார்த்துக்கொண்டோம்.

பக்கத்திரை கட்ட அங்கே வழியில்லை. கூத்தில் பாத்திரம் நுழையும்போது இருவர் திரை பிடிப்பார்களே, அதையே செய்யலாம் என்று முடிவு செய்தோம். மொத்தமே மூன்று பேர் என்பதால், தொண்டைமான் வரும்போது திரையின் ஒரு முனையைக் கட்டியங்காரனும் மறுமுனையை ஔவையும் பிடிக்கவேண்டியதாயிற்று. தூது வந்த புலவரே மன்னனுக்குத் திரை பிடித்து, அவன் தன்னைக் காட்டிக்கொள்ள இடம் கொடுத்து, பிறகு அவனை வார்த்தையால் வீழ்த்துகிறார் என்ற பொருள், எழுதியபோது எங்களில் எவருக்கும் தோன்றாதது, அந்தக் கூடத்தின் போதாமையிலிருந்து எங்களுக்குக் கிடைத்தது. நாடகத்தில் எனக்கு மிகவும் பிடித்த நிமிடம் அதுதான்.

நிர்வாகத்தில் குறைகள் உண்டு. இரண்டு சனிக்கிழமைகளில் எங்கள் நேரத்தை இன்னொரு குழுவுக்கும் கொடுத்திருந்தார்கள்; மாணவர்கள் வெளியூரிலிருந்து வந்து படிக்கட்டில் காத்திருந்தார்கள். கீழ்த்தளத்துக் கழிப்பறையை மாலை 7 மணிக்கே பூட்டிவிடுவது மாணவிகளுக்குப் பெரும் சங்கடம். எட்டாம் நாள் நேரில் பேசிய பிறகே சாவி கிடைத்தது. முன்பணத்தில் மின்கட்டணம் என்று 300 ரூபாயைப் பிடித்துக்கொண்டதை முன்கூட்டியே சொல்லியிருக்கவேண்டும். நாள், நேரம், மின்கட்டணம், கழிப்பறைச் சாவி ஆகிய நான்கையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு தொடங்குவது நல்லது.

அப்படியிருந்தும், நான்கு பேர் வரை நடிக்கும் நாடகத்துக்கு இதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். அடுத்த ஆண்டு நாங்கள் எடுக்கவிருக்கும் நாடகத்தில் ஏழு பாத்திரங்கள் இருப்பதால், கோட்டுக்கு வெளியே காத்திருப்பவர்கள் நிற்க இங்கே இடம் போதாது. அதற்கு வேறு கூடம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நான்கு ஜமுக்காளங்களையும் அந்த அம்மாவிடமே விட்டுவந்திருக்கிறோம், நாடக ஒத்திகைக்கு என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்.