தூந்திராவின் குளிர்காலம்: நடந்து தப்புவதா, நின்று தாங்குவதா?

வடதுருவத்தை ஒட்டிய மரமற்ற குளிர்நிலமான தூந்திராவில் செடி வளரக் கிடைப்பது 50, 60 நாள்தான். மழையும் பனியும் சேர்ந்தே ஆண்டுக்கு 150 முதல் 250 மி.மீ. அளவில்தான் விழும். மிச்ச மாதங்களை ஓட்ட, அங்குள்ள இரண்டு பெரிய தாவர உண்ணிகள் நேரெதிர் வழிகளில் போகின்றன. கரிபு மான் நடக்கிறது. கஸ்தூரி எருது நிற்கிறது.

அலாஸ்காவின் மேற்கு ஆர்க்டிக் கரிபு மந்தை ஆண்டுக்கு 3,000 கி.மீ. வரை நடக்கும். அதற்கேற்ற குளம்பு. கோடையில் அதன் நடுத்திண்டு மெத்தென்று விரிந்து சேற்றில் புதையாமல் தாங்கும். குளிர் வந்ததும் திண்டு சுருங்கி, கூரான விளிம்பு வெளிப்பட்டுப் பனிக்கட்டியைக் கவ்வும். அதே விளிம்பால் பனியைத் தோண்டித்தான் லைக்கன் எனும் பாசி போன்ற உயிரியைத் தின்னும். லைக்கனில் மாவுச்சத்து உண்டு, புரதம் மிகக் குறைவு. ஆண்டுக்குச் சில மி.மீ.தான் வளரும் என்பதால், ஒட்ட மேய்ந்த இடம் தேறப் பல பத்தாண்டுகள் ஆகும். ஒரே இடத்தில் தங்க வழியே இல்லை.

கஸ்தூரி எருதுக்குக் குட்டைக் கால். ஆழப் பனியில் நடந்தால் கொழுப்புதான் கரையும். ஆகவே காற்று பனியை வாரிக்கொண்டு போகும் மேட்டில் நின்று, காய்ந்த கோரையையும் வில்லோ புதரின் குச்சிகளையும் தின்று, அசைவைக் குறைத்துக்கொள்ளும். தரையை எட்டும் மேல்முடி, அதனடியில் கிவியுட் எனும் மென்கம்பளி: குளிரைத் தாங்குவதில் கரிபுவை விட இதுவே மேல். ஆனால் ஆபத்தென்றால் வட்டமாக நின்று கொம்பு காட்டும் பழக்கம் ஓநாயிடம்தான் செல்லும், துப்பாக்கியிடம் செல்லாது. அலாஸ்காவில் 19ஆம் நூற்றாண்டிலேயே இந்த இனம் அழிந்தது. 1930இல் கிரீன்லாந்திலிருந்து 34 விலங்குகளைக் கொண்டுவந்து, பிறகு நூனிவாக் தீவில் விட்டுத்தான் மீட்டார்கள்.

குட்டி போடும் காலத்திலும் எருதுக்கே சாதகம். பனி கிடக்கும்போதே ஏப்ரல், மே மாதங்களில் ஈன்று, சேர்த்துவைத்த கொழுப்பிலிருந்து பாலூட்டும். கரிபு இளந்தளிரை நம்பி ஜூன் வாக்கில் ஈனும். வசந்தம் முந்தினால் தளிரும் முந்திவிடும், ஈனும் நாள் அந்த அளவுக்கு முந்துவதில்லை. மேற்கு கிரீன்லாந்தின் காங்கர்லுசுவாக்கில், அப்படிப்பட்ட ஆண்டுகளில் குட்டிகள் அதிகம் இறந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

இரண்டுக்குமே உண்மையான எமன் குளிரல்ல, குளிர்காலத்தில் பெய்யும் மழை. மழைநீர் பனியில் இறங்கி உறைந்து, தீனிக்கு மேல் கண்ணாடித் தகடாகிவிடும். அதைக் குளம்பால் உடைக்க முடியாது. 2003 அக்டோபரில் கனடாவின் பேங்க்ஸ் தீவில் இப்படிச் சுமார் 20,000 கஸ்தூரி எருதுகள் பட்டினியில் மாண்டன. 2013 நவம்பரில் ரஷ்யாவின் யமாலில், நெனெட்ஸ் மக்கள் வளர்க்கும் கலைமான்கள் (கரிபுவும் இதே இனம்தான்) சுமார் 61,000 செத்தன. பனிக்கட்டி படிந்த பரப்பு சிறிதானால் மான் வேறிடம் போய்ப் பிழைக்கும். யமாலில் அந்தப் பரப்பு மிகப் பெரிது.

இப்படிப்பட்ட மழை இனி அடிக்கடி வரும் என்பதால், என் கணிப்பில் நடக்கும் வழிதான் நம்பத்தக்கது; பாதை திறந்திருந்தால் மட்டும். வடமேற்கு அலாஸ்காவில் ரெட் டாக் சுரங்கச் சாலையை எட்டிய சில கரிபுகள், கடக்காமல் வாரக்கணக்கில் தயங்கி நின்றதைக் அவற்றின் கழுத்தில் கட்டிய இடங்காட்டிக் கருவிகள் காட்டின. அங்குள்ள இனுபியாக் பழங்குடி வேட்டைக்காரர்கள் முன்னால் வரும் மான்களைத் தொடுவதில்லை. அவை கலைந்தால் பின்னால் வரும் மந்தை திசைமாறிவிடும். சாலையில் ஓடும் லாரிகளுக்கும் இலையுதிர் காலத்தில், முன்னால் வரும் மான்களைக் கலைக்கக் கூடாது என்ற இதே விதியைக் கண்டிப்பாக்க வேண்டும்.