ஐஸ் அறைக்கு பஃப் (குளிரை வெளியே விடாத நுரை) ஊற்றித் தருகிறேன் என்று 1,60,000 ரூபாயை ஏப்பம் விட்ட கதை: விசைப்படகு வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

நாகப்பட்டினத்தில் தங்கல் (பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிப்பது) போகும் பழைய மர போட் எங்களுடையது. ஐஸ் அறையின் உள்சுவர் ஊறிப்போய், ஏற்றுகிற ஐஸ் பாரில் பாதி வலை போடும் முன்பே தண்ணீராகிக்கொண்டிருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பெரிய மராமத்து எல்லாம் அப்போதுதான். ஆன்லைன் விளம்பரத் தளம் ஒன்றில் 'சரிபார்க்கப்பட்டவர்' என்ற பச்சைக் குறியோடு இருந்த ஃபைபர் பட்டறைக்காரரைப் பிடித்தோம். நாலு சுவரும் தரையும் நாலு அங்குலத்துக்கு பஃப், கன மீட்டருக்கு 40 கிலோ அடர்த்தி, மேலே ஃபைபர் என்று அவரே எழுதிக் கொடுத்தார். 1,60,000 ரூபாய். வேலை முடிவதற்குள் முழுசாக வாங்கிக்கொண்டார்.

எதை வைத்து நம்பினோம்? என் கண்ணெதிரே ஒரு பேப்பர் கப்பில் இரண்டு திரவத்தையும் சரிக்குச் சரி ஊற்றிக் குச்சியால் கலக்கினார். நுரை பொங்கி, கப்பைத் தாண்டிக் காளான் மாதிரி எழுந்து இறுகியது. அதை அறுத்து பக்கெட் தண்ணீரில் அமுக்கி எடுத்தார். பிழிந்தால் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. "அண்ணே, இதுதான் உங்க போட்டுக்குள்ள போவப்போவுது" என்றார்.

தடை முடிந்து முதல் தங்கல். சுவரோரமும் அடியிலும் அடுக்கிய வஞ்சிரமும் சங்கராவும் கண் குழிந்து, செவுள் வெளுத்து வந்தன. ஏலத்தில் ஒருவரும் தொடவில்லை. கருவாட்டு விலைக்குத் தள்ளிவிட்டோம்.

போன் போட்டால், "ஐஸ் கம்பெனிக்காரன் சரியா உறையாத பாரைக் கொடுத்திருப்பான்ணே." அப்புறம், "பசங்க மூடியை அடிக்கடி திறந்திருப்பாங்க." அப்புறம், "ஊர்ல ஒரு சாவு, அடுத்த வாரம் வரேன்." இப்போது எடுப்பதே இல்லை. விளம்பரத் தளத்தில் புகார் கொடுத்தால், ஆளைக் காட்டுவதோடு தங்கள் வேலை முடிந்ததாம். மறுநாளே 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி. எது தீர்ந்தது? என் 1,60,000 ரூபாய் திரும்பி வந்துவிட்டதா?

நேற்று தரையோரம் ஒரு சதுர அடி அறுத்துப் பார்த்தோம். வயிறு எரிகிறது. உள்ளே தெர்மோகோல்! அதன் மேலேயே நேராக ஃபைபருக்கான ரெசின் பசையை அடித்திருக்கிறார். பாலியஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் பட்டால் தெர்மோகோல் கரைந்துபோகும். ஃபைபர் வேலை செய்கிறவருக்கு இது தெரியாதா? ஃபைபருக்குப் பின்னால் விரல் நுழையும் அளவு வெற்றிடம். அதில் மீன் தண்ணீர் தேங்கி நாறுகிறது. மூடியைத் திறந்தால் கண்ணில் படும் மேல் விளிம்பில் மட்டும் மஞ்சள் பஃப். தண்ணீர் வடியும் குழாயில் ஒரு வளைவுகூட இல்லை, அடைப்பானும் இல்லை; அந்த வழியாகவும் குளிர் படகின் அடிக்கு இறங்கியிருக்கிறது.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. பஃப் ஊற்றும்போது சொந்த ஆள் ஒருவர் பக்கத்திலேயே நிற்கட்டும். மூடுவதற்கு முன் போட்டோ எடுங்கள். ஐஸ் நிரப்பி இரண்டு ராத்திரி பார்க்காமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். பச்சைக் குறியை நம்பவே நம்பாதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்திருக்கிறேன். இதே மாதிரி ஐஸ் அறை வேலையில் ஏமாந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே மனு கொடுப்போம்.